நாகேஷ் வரிசையில் விடுபட்ட படம்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் வந்த நாகேஷின் சிறந்த நடிப்பு வரிசையில் ‘திருவிளையாடல்’ தருமிக்கு முதலிடம். சரி, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ‘மகளிர் மட்டும்’ (1994) பட்டியலிலேயே இல்லையே! அதில் அவர் பிணம். வசனம் கிடையாது. இழுத்த பக்கம் உடம்பு போகிறது, விட்ட இடத்தில் தலை சரிகிறது. பேச்சாலேயே பேர் வாங்கியவர், பேச்சில்லாமல் அந்தக் காட்சிகளைத் தாங்குகிறார். எனக்கு இரண்டாமிடம் அதற்குத்தான்.

அடுத்தது ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் இடம். பழைய படமென்றால் எழுந்து ஓடும் என் பேரப்பிள்ளைகள்கூட அதை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். பயந்து நடுங்கும் பாலையாவுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

‘சர்வர் சுந்தரம்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தி எல்லாம் நீங்கள் போட்ட இடத்திலேயே இருக்கட்டும். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) வில்லனைக் கடைசியில் தள்ளியது மட்டும் நியாயமில்லை. சிரிக்க வைத்த அதே முகத்தைப் பார்த்து அன்று பயந்தோம். தேசிய விருது வாங்கித் தந்த ‘நம்மவர்’ பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

அப்புறம், மனோரமாவுக்கும் இப்படியொரு வரிசை போடுங்கள்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06