ஹப் போனால் வீலையே மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சந்தோஷம். ஆனால் அந்த உதிரி பாகத்தைக் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும். போன மாதம் பின் வீலுக்கு ஒரு ஹப், அதாவது வீலின் நடுவில் அச்சு ஓடும் பாகம், வேண்டுமென்று இங்கே பெங்களூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஏசி போட்ட ஒரு பெரிய கடையில் "ஹப் தனியா வராது சார், வீலையே மாத்திடுங்க, 4,500 ஆகும்" என்றார்கள். அடுத்த கடையில் அதற்கும் ஒரு படி மேலே போய், பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிதாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு அச்சு உடைந்ததற்கு!

என்னுடையது 27.5 இன்ச் மவுன்டன் பைக். அல்சூரிலிருந்து கே.ஆர்.புரம் வரை பழைய மதராஸ் ரோட்டில் அதில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். ஊருக்குள் ஓட்ட எதற்கு மவுன்டன் பைக் என்று கேட்பவர்கள் மழை விட்ட மறுநாள் என் பின்னாலேயே ஒருமுறை வந்து பார்க்கட்டும். இரண்டு வருடத்தில் பின் அச்சு உடைவது இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு அச்சைப் போட்டு அனுப்பினார்களே தவிர, ஏன் உடைகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசியில் சிவாஜி நகர் சந்து ஒன்றில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் சொன்னார். கடை என்றால் ஒரு மர ஸ்டூல், கோட்டம் எடுக்கிற ஸ்டாண்டு, சுவரில் தொங்கும் டியூப்கள், அவ்வளவுதான். உடைந்த அச்சை என் உள்ளங்கையில் வைத்து, "எங்க உடைஞ்சிருக்கு பாருங்க" என்றார். வலது பக்கத்தில் பால்ரஸ் குண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கோனை ஒட்டி உடைந்திருந்தது. விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் ஹப்பில் மரை இருக்கும், அதன்மேல் ஃப்ரீவீல் என்கிற பல்சக்கரக் கொத்து மொத்தமாகத் திருகி உட்காரும். ஏழு பல்சக்கரமும் வெளிப்பக்கத்து இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது பக்க பால்ரஸ் நன்றாக உள்ளே தள்ளிப் போய்விடுகிறது. அங்கிருந்து ஃப்ரேம் வரைக்கும் அச்சுக்குத் தாங்கல் எதுவும் கிடையாது, ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் அங்கேதான் விழும். கேசட், அதாவது பல்சக்கர அடுக்கை மட்டும் மாட்டுகிற ஃப்ரீஹப் வகையில் அந்த பால்ரஸ் ஃப்ரேமுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுவதால் அச்சு அவ்வளவு லேசில் வளையாது. 4,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டப் பார்த்த வீலும் பழைய மரை வகைதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, அந்த ஃப்ரீஹப் வகையில் இருப்பதிலேயே மலிவாக எது கிடைக்கும் என்று கேட்டேன். அவர் விலையே பேசவில்லை, டேப்பை எடுத்தார். ஃப்ரேமின் பின் கால்கள் இரண்டுக்கும் நடுவே 135 மி.மீ. இப்போது வரும் விலை கூடிய வண்டிகளில் 142, 148 என்றெல்லாம் இருக்கிறது, அச்சும் 12 மி.மீ. தடிமன், அந்த ஹப் எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் நம் வண்டிக்கு ஆகாது. அடுத்து ரிம்மில் கம்பி மாட்டும் துளைகளை எண்ணினார், 36. ஆன்லைனில் 400 ரூபாய் குறைவாக ஒரு ஹப் பார்த்து வைத்திருந்தேன், அது 32 துளை, முந்தின நாள் ராத்திரியே ஆர்டர் போட்டிருந்தால் பேப்பர் வெயிட்டாகத்தான் வைத்திருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் தட்டு ஆறு போல்ட் போடும் வகை; ஷிமானோ கம்பெனியில் சில ஹப்புகள் சென்டர்லாக், நடுவில் ஒரே வளையத்தால் பூட்டுகிற வகை, அதை வாங்கினால் அடாப்டருக்கு வேறு அழ வேண்டும். கியர் மாற்றுகிற என் ஷிஃப்டர் ஏழு ஸ்பீடு, ஹப்போ எட்டு, ஒன்பது, பத்து ஸ்பீடுக்கானது. கேசட்டுக்குப் பின்னால் 4.5 மி.மீ. வளையம் ஒன்று போட்டதும் சரியாக உட்கார்ந்துவிட்டது, ஷிஃப்டரை மாற்ற வேண்டி வரவில்லை.

பழைய கம்பியையே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். புது ஹப்பில் கம்பி மாட்டும் வட்டம் பெரியது, நீளம் ஒத்துவரவில்லை. ஆக ஹப் 1,650, கம்பி 36-க்கு 540, கேசட் 850, பின்னிக் கோட்டம் எடுக்கக் கூலி 400, மொத்தம் 3,440 ரூபாய். இது மலிவா என்று கேட்டால், அதே மரை வகை வீலுக்குக் கேட்ட 4,500-ஐ நினைத்துப் பார்க்கிறேன். ரிம் நெளிந்திருந்தால் மட்டும் நானும் வீலாகவே வாங்கியிருப்பேன், கெட்ட ரிம்மில் புது ஹப்பைப் பின்னுவது வீண் செலவு. ஹப்போடு வந்த, யாரும் கையாலேயே திறந்து வீலைக் கழற்றிவிடக் கூடிய குவிக் ரிலீஸ் லிவரை எடுத்துவிட்டு ஆலன் கீயில் திருகுவதைப் போட்டுக்கொண்டேன், இல்லாவிட்டால் இந்த ஊரில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது.

அச்சு உடையாமல் வெறும் கரகர சத்தம் மட்டும் என்றால் ஹப்பையே மாற்ற வேண்டியதில்லை. பிரித்துத் துடைத்து, பால்ரஸ் ஓடுகிற கிண்ணத்துக்குள் பால்பாயின்ட் பேனா முனையை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் புதுக் கோனும், பக்கத்துக்கு ஒன்பது வீதம் கால் இன்ச் குண்டும், கிரீஸும் போட்டு ஓவராயில் பண்ணினாலே போதும். முனை எங்காவது தட்டித் தட்டி நின்றால் கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது. என் பழைய ஹப்பில் தட்டியது. அதற்குக் காரணம் நானே. வாராவாரம் பைக்கோடு சேர்த்து சைக்கிளையும் வாட்டர் வாஷுக்கு விட்டு, தண்ணீரை நேராக ஹப் மேலேயே பீய்ச்சச் சொன்னால் கிரீஸ் எப்படி நிற்கும்?

நம் பேப்பரில் வாராவாரம் வரும் வாகனப் பக்கத்தில் காரும் பைக்கும்தான் வருகின்றன. சைக்கிள் ரிப்பேருக்கும் ஒரு ஓரத்தில் கால் பத்தி ஒதுக்கக் கூடாதா? எழுத ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், அண்ணனிடம் பேசிவிட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன். போட்டோ மட்டும் வேண்டாமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
அல்சூர், பெங்களூரு