ஆறு மட்டுமா அறுத்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு பற்றிய ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். கொலராடோ ஆறு தனியாளாக அறுத்துத் தள்ளியதுபோல எழுதியிருந்தீர்கள். அறுத்தது ஆறுதான், சரி. ஆனால் நிலம் மேலே எழும்பியிராவிட்டால் ஆற்றுக்கு அவ்வளவு ஆழம் ஏது? பழைய கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைதான் இன்று 2,000 மீட்டருக்கும் மேலே விளிம்பாக நிற்கிறது.

அங்கே போன என் மகள் தெற்கு விளிம்பிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு பக்கம் வெளிர்நிறப் பாறை அடுக்கு. எதிர்ப்பக்கம் அதே அடுக்கு, சுமார் 60 மீட்டர் இறங்கி! கேக்கை வெட்டி ஒரு துண்டைக் கீழே அழுத்தியதுபோல. பாறை உடைந்து ஒரு பக்கம் நழுவிய இந்த இடத்துக்கு பிரைட் ஏஞ்சல் பிளவு என்று பெயர். செங்குத்துப் பாறை நொறுங்கிக் கிடக்கும் அந்தப் பிளவை ஒட்டித்தான் கீழே இறங்கும் பாதையே போகிறது. ஹவாசுபாய் பழங்குடியினர் முன்பே இறங்கிய வழி அது.

நம்மூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. செங்கோட்டைக் கணவாயை ஒட்டி அச்சன்கோவில் பெயரில் ஒரு பாறைப் பட்டை ஓடுகிறது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பூமிக்கு வெகு ஆழத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி இழுபட்ட தடம். மழைக்காற்று அந்தக் கணவாய் வழியே வந்துதான் குற்றாலச் சாரல்; அந்த வாசல் திறந்ததில் இந்தப் பட்டைக்கும் கை இருக்கிறது. சீசனுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் எங்கே கேட்கப் போகிறார்கள், அது வேறு கதை.

அடுத்த முறை படம் போடும்போது ஆற்றுக்குப் பக்கத்தில் பிளவையும் ஒரு கோடாகச் சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்