பி.டி.வி. மட்டும் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிரான்ஸ்பார்மர் பராமரிப்பு பற்றிய கட்டுரையில், உள்ளிருக்கும் எண்ணெய்க்கு ஆண்டுக்கொரு முறை பி.டி.வி. (எவ்வளவு மின்னழுத்தம்வரை எண்ணெய் தாங்கும் என்ற சோதனை) பார்த்துவிட்டால் கவலையில்லை என்று எழுதியிருந்தீர்கள். நூற்பாலைகளில் மின் பராமரிப்பு பார்த்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பி.டி.வி. சோதனையில், 2.5 மி.மீ. இடைவெளி விட்ட இரு மின்முனைகளுக்கு நடுவே எண்ணெயை ஊற்றி, பொறி தெறிக்கும்வரை மின்னழுத்தத்தை ஏற்றுவார்கள். ஈரமோ நார்த்தூசியோ இருந்தால் சீக்கிரம் தெறித்துவிடும். ஃபில்டர் மெஷினில் ஓட்டி அவற்றை எடுத்துவிட்டால் பழைய எண்ணெய்கூட நல்ல அளவு காட்டும்.

ஆனால் சூட்டிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கெட்டுப்போன எண்ணெயில் அமிலங்களும், சுருளின் செம்பிலிருந்து வந்த உலோக உப்புகளும் கரைந்தே கிடக்கும். ஃபில்டர் தாளில் அவை நிற்காது. எண்ணெயில் மின்சாரம் கசிய வழிசெய்பவை இவற்றின் அயனிகள்தான். சூடு ஏறினால் எண்ணெய் இளகி, அயனிகள் இன்னும் சுலபமாக ஓடும். அதனால்தான் ரெசிஸ்டிவிட்டியையும் (மின்கசிவை எண்ணெய் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) டான் டெல்டாவையும் (எண்ணெயில் வீணாகும் மின்சக்தியைக் காட்டும் அளவு) 90 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். புது எண்ணெய்க்கு அந்தச் சூட்டில் ரெசிஸ்டிவிட்டி குறைந்தது 35 லட்சம் கோடி ஓம்-செ.மீ. இருக்க வேண்டும் என்றது டிரான்ஸ்பார்மர் எண்ணெய்க்கான ஐ.எஸ். 335 என்ற இந்தியத் தரநிர்ணயத்தின் 1993 பதிப்பு.

ஒரு மில்லில் எண்ணெய் காப்பி டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. பி.டி.வி. ரிப்போர்ட்டில் குறையே இல்லை. ரெசிஸ்டிவிட்டி மட்டும் அடியோடு விழுந்திருந்தது. டேங்கைத் திறந்தால், சுருள்களுக்கு இடையே எண்ணெய் ஓடும் வழியெல்லாம் கசடு அப்பி அடைத்திருந்தது. விரலால் வழித்தால் பிசினாக ஒட்டியது. இந்த நிலையில் திரும்பத் திரும்ப ஃபில்டர் போடுவது வெறும் செலவு. ஃபுல்லர்ஸ் எர்த் களிமண் வழியாகச் செலுத்தி எண்ணெயை மீட்க வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும்.

சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் மில்கள், மருத்துவமனைகள், அடுக்குமாடிச் சங்கங்கள் எல்லாம் பி.டி.வி.யோடு ரெசிஸ்டிவிட்டி, டான் டெல்டா, அமிலத்தன்மை மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும் என்று தங்கள் இதழ் எழுத வேண்டும். மாதிரி எடுக்கும் முறையையும் சேர்த்து எழுதுங்கள். கீழ் வால்வில் முதலில் வரும் எண்ணெயை வடியவிட்டு, சுத்தமான, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் பிடிக்க வேண்டும். மழை நாளில் எடுக்கவே கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பராமரிப்புப் பொறியாளர்,
கோயம்புத்தூர்