‘யோகேஸ்வரி’ இரண்டு பேரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் நடத்தும் நலன்புரிச் சங்கமொன்றின் அங்கத்தவர் பட்டியலையும் சந்தா செலுத்தியோர் பட்டியலையும் அண்மையில் பிஎச்பி என்ற கணினி நிரலாக்க மொழியில் ஒப்பிட்டேன். இரண்டிலும் கண்ணெதிரே இருந்த ‘யோகேஸ்வரி’ என்ற பெயரைச் சந்தா செலுத்தாதவரென்று கணினி காட்ட, அந்த அம்மையாருக்கு நினைவூட்டற் கடிதமும் போய்விட்டது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் எனக்கு இது வெட்கக்கேடுதான்.

‘யோ’ என்ற எழுத்தை, எழுத்துகளுக்கு எண் குறியீடு வழங்கும் யூனிகோட் முறையில் இருவகையாகச் சேமிக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு பட்டியலில் இருந்து மற்றதில் இல்லாதவற்றைக் காட்டவென நான் பயன்படுத்திய ‘அரே_டிஃப்’ என்ற சார்பு (ஒரு பணியைச் செய்யும் நிரற்பகுதி) அணிகளின் (பட்டியல்களின்) உறுப்புகளைச் சரங்களாக (எழுத்துத் தொடர்களாக) எடுத்து உள்ளபடியே ஒப்பிடுவதால், அதற்கு இவை இரு வேறு பெயர்கள்.

இதற்காகவே ‘அரே_யூடிஃப்’ என்ற இன்னொரு சார்பு இருக்கிறது. எதை ஒன்றெனக் கொள்வது என்பதை நாமே ஒரு மீளழைப்புச் சார்பாக (வேறொரு சார்பு தேவையானபோது அழைத்துக்கொள்ளும் சார்பாக) எழுதி அதனிடம் ஒப்படைக்கலாம். பெயர்களை, யூனிகோட் எழுத்து வடிவங்களைச் சீராக்கும் ‘நோர்மலைசர்’ கொண்டு ஒரே வடிவத்துக்குக் கொணர்ந்து, ஒத்திருந்தால் 0, இல்லாவிட்டால் 1 என்று விடை தரும்படி எழுதினேன். முடிவு முன்னையதிலும் மோசமாக வந்தது. அச்சார்பு அணிகளை உள்ளுக்குள் வரிசைப்படுத்திய பின்னரே வேறுபாட்டைத் தேடுகிறது. ஆகவே ‘ஒன்றா, வேறா’ என்ற விடை அதற்குப் போதாது, எது முந்தியது என்பதையும் சொல்லும் வகையில் பூச்சியத்திற் குறைந்த, பூச்சியமான, பூச்சியத்திற் கூடிய முழுவெண்களுள் ஒன்றை நமது சார்பு எப்போதும் முரணின்றித் தரவேண்டும். ஆம், இல்லை என்று பதில் சொல்லிப் பழகிய மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான், ஆசிரியரும் இடறினார்.

2015இல் வெளிவந்த பிஎச்பி 7இல் இத்தகைய மூவகை விடையைத் தரவென்றே ‘ஸ்பேஸ்ஷிப்’ என்ற செயலி (ஒப்பீட்டுக் குறி) சேர்க்கப்பட்டது. வசதியானதுதான், ஆயினும் இலக்கங்களாலான சரங்களை அது எண்களாகக் கருதுவதால் ‘007’, ‘7’ என்ற இரு அங்கத்துவ இலக்கங்களும் அதற்கு ஒன்றாகிவிடும். அத்தகைய இடங்களில், சரங்களை எண்களாக்காமல் உள்ளபடியே ஒப்பிடும் ‘எஸ்டிஆர்கம்ப்’ சார்பே பாதுகாப்பானது. இப்போது சங்கத்தின் பட்டியலுக்கு அதையே பயன்படுத்துகிறேன்.

தங்கள் மாணவர் பக்கத்தில் நிரலாக்கம் பற்றிய கட்டுரைகள் வெளிவரும்போது, ‘அப்பிள்’, ‘பனானா’ என்று அணிகளை நிரப்பாமல் பொன்னையா, கோமதி போன்ற பெயர்களை எடுத்துக்காட்டாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஆசிரியர் ஒருவர்,
கொழும்பு 06.