நூதனசாலையில் எங்கள் பெண்பிள்ளைகள் விளக்கம் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: பிள்ளை உயர்தரத்துக்கு என்ன படிக்கப் போகிறாள்? நாடு முழுவதும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிறவர்களில் பெண்களே கூடுதல். ஆனால் பொறியியல் பீடங்களில் அவர்கள் சிறுபான்மைதான். விஞ்ஞானம் கற்பித்தவள் என்ற முறையிலும், சாரணியர் குழுவொன்றைப் பொறுப்பாகப் பார்த்தவள் என்ற முறையிலும் இதைப்பற்றிக் கொஞ்சம் எழுத விரும்புகிறேன்.

விஞ்ஞானத்தில் 'ஏ' எடுத்துவிட்டு, விருப்பமில்லாமல் வேறு பிரிவுக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். கெட்டித்தனத்தில் குறை இல்லை. அந்தப் பிரிவு உள்ள பாடசாலை தூரம். ரியூசன் முடிய இருட்டிவிடும். மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளை என்றால் வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வரப் பாதையும் (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) பிடிக்க வேண்டும். இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. நுணுக்குக்காட்டியைத் தன் கையால் திருப்பிப் பார்க்காமலே பதினோராம் ஆண்டை முடித்த பெண்பிள்ளைகள் பலர். ஆய்வுகூடம் திறந்த நாளிலும் பையன்கள் உபகரணத்தைப் பிடிப்பார்கள், பெண்பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள்.

அமெரிக்காவின் கொலம்பஸ் நகரிலுள்ள 'கோசி' என்ற விஞ்ஞான நிலையம் 1970களிலேயே சாரணியப் பிள்ளைகளை இரவு தங்க அழைத்துப் பரிசோதனைகள் செய்ய வைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் பௌதிகவியலாளர் பிராங்க் ஒப்பன்ஹைமர் 1969இல் தொடங்கிய 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்' இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே எதையும் தொட்டுப் பார்க்கலாம். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்பவர்களில் உயர்தர வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது விடயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மற்றவருக்கு விளங்கப்படுத்த நிற்கும் பிள்ளை, தனக்கு விளங்காததை முதலில் தேடிப் படித்தே ஆக வேண்டும்.

அந்த அளவு கட்டடமும் காசும் எங்களிடம் இல்லை, சரி. ஆனால் காட்டுவதற்கு மட்டக்களப்பு வாவி இருக்கிறது. 1848இல் பிரித்தானிய ஆட்சியின் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ற் இங்கே படகில் போய்ப் பாடும் மீன்களின் ஒலியைக் கேட்டார். படகின் பலகையில் காதை வைத்தபோது அந்த ஒலி பலமாகக் கேட்டது என்று எழுதியிருக்கிறார். எங்கள் மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரி என்ற சிப்பி இனத்தை. மீனா, ஊரியா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. நீருக்குள் எழும் ஒலியின் பெரும்பகுதி காற்றுக்கு வராமல் நீர்மட்டத்திலேயே திரும்பிவிடும், மரத்தின் வழியாக நன்றாகவே கடக்கும். ஒரு தொட்டி நீர், ஒரு துடுப்பு இருந்தால் இதைச் செய்து காட்டலாம். கல்லடியிலும் மண்முனையிலும் மண்டூரிலும் நீர் எடுத்து, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டித் திறப்பதற்கு முன்னும் பின்னும் உவர்த்தன்மை அளந்து சுவரில் எழுதி வைக்கலாம். நுளம்புக் குடம்பியை நுணுக்குக்காட்டியில் காட்டினால், டெங்கு பற்றிப் பத்துச் சுவரொட்டி செய்யாத வேலையை அது செய்யும்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. காத்தான்குடி பூர்வீக நூதனசாலை பழைய தொழில்களையும் பாவனைப் பொருள்களையும் காட்டுகிறது. அவற்றுக்குள் இருக்கும் நெம்பையும் கப்பியையும் ஒரு பிள்ளை அங்கே நின்று விளக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை யாழ்நூலுக்காகவே நினைக்கிறோம். அவர் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி, கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். அவர் நினைவாக உள்ள இடங்களில் சனிக்கிழமை தோறும் ஒரு விஞ்ஞான மேசை போட்டால், அவரே மனம் மகிழ்ந்திருப்பார்.

இந்த விளக்கம் சொல்லும் வேலையைச் சாரணியப் பெண்பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்பது என் யோசனை. இதற்குச் சாரணியர் எதற்கு என்று கேட்பார்கள். பெற்றோரின் நம்பிக்கைக்காகத்தான். தனியாகக் கொழும்புக்கு அனுப்பாத தாய், சீருடை போட்டுப் பொறுப்பாசிரியையோடு போகிறாள் என்றால் யோசிக்காமல் அனுப்புவாள். இலங்கையில் 1917இல் கண்டியில் தொடங்கிய இயக்கம் இது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே குழுவாய் நிற்கக்கூடிய இடங்களில் ஒன்றும் இதுதான். மூன்று இனத்தவரும் வாழும் பக்கத்து அம்பாறை மாவட்டத்துக்கு இது எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாரணியர் இல்லாத ஊர்களில் இளைஞர் கழகங்களும் அறநெறிப் பாடசாலைகளும் இதைச் செய்யலாம்.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு வலயத்திலும் ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பெண்பிள்ளைகள் சிலரைத் தெரிவு செய்யுங்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளை முதலில் சேருங்கள். அவர்களுக்கு பஸ் ஒழுங்கு செய்யுங்கள். பாடசாலைகளில் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் நுணுக்குக்காட்டிகளைச் சனிக்கிழமைகளில் இரவல் கொடுங்கள். உடைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்தும் அவை பழுதாகத்தான் செய்கின்றன. கற்பிக்க ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறோம். நான் வரத் தயார், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.