எல்லா அம்புக்குறிகளும் உள்ளே போவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூட்ரான் விண்மீன்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள், மகிழ்ச்சி. கூடவே வந்த படத்தில்தான் ஒரு குறை. துணை விண்மீனிலிருந்து கிளம்பும் வாயு, வட்டாகச் சுழன்று, மொத்தமும் நியூட்ரான் விண்மீன் மேல் போய் விழுவதுபோல அம்புக்குறிகள் எல்லாமே உள்நோக்கி இருந்தன. உண்மையில், வந்து சேரும் வாயுவில் ஒரு பங்கு விழாமலே வெளியே வீசப்படுகிறது. சில இடங்களில் விழுவதற்கு ஈடாகவே வெளியேறுகிறது. வட்டுக்காற்று என்று சொல்வது இதைத்தான்.

நியூட்ரான் விண்மீன் என்பது சுமார் 20 கிலோமீட்டர் விட்டத்துக்குள் சூரியனைவிட அதிக நிறை அடங்கிய பொருள். அதை நெருங்கும் வாயு கொதித்து எக்ஸ் கதிர்களைக் கொட்டுகிறது. அந்தக் கதிர்கள் வட்டின் வெளிப்பகுதியைச் சூடேற்றுகின்றன. அங்கே ஈர்ப்பின் பிடி தளர்வாக இருப்பதால் சூடான வாயு நழுவிவிடுகிறது. காந்தப்புலமும் ஒளியின் அழுத்தமும்கூட வாயுவைத் தள்ளலாம். எதன் கை எங்கே ஓங்குகிறது என்பது இன்னும் தீராத விவாதம்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் காற்றை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காற்றிலிருக்கும் இரும்பு அணு தன் 26 எலக்ட்ரான்களில் 25-ஐ இழந்து நிற்கிறது. அது எக்ஸ் கதிரில் ஏறத்தாழ 6,970 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள பகுதியை உறிஞ்சிக்கொள்வதால், நிறமாலையில் அங்கே ஒரு இருண்ட கோடு விழும். காற்று நம்மை நோக்கி வினாடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்தக் கோடு வெறும் 7 எலக்ட்ரான் வோல்ட் நகரும். வழக்கமான எக்ஸ் கதிர்க் கேமராக்களில் கோடு 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் அதிகமான அகலத்துக்குப் பரவி மங்கிப்போகும். 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிசம் செயற்கைக்கோளின் ரிசால்வ் கருவியோ, குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழியத்தைவிட ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே கூடுதலான குளிரில் இயங்கி, 5 எலக்ட்ரான் வோல்ட் வரை பிரித்துக் காட்டுகிறது.

அந்தக் கருவி 2024 பிப்ரவரியில் ஜிஎக்ஸ் 13+1 என்ற நியூட்ரான் விண்மீனைப் பார்த்தது. அந்த நேரம் அது வழக்கத்தைவிடப் பிரகாசமாக இருந்தது. அவ்வளவு ஒளி இருந்தால் காற்று பறக்க வேண்டுமே! அடர்த்தி மிகுந்திருந்தது, சரி. வேகமோ மணிக்கு சுமார் 10 லட்சம் கிலோமீட்டர்தான். விண்மீன் மண்டலங்களின் நடுவில் இருக்கும் பெரும் கருந்துளைகளைச் சுற்றி, இதே போன்ற நிலையில், ஒளியின் வேகத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை காற்று வீசுகிறது. வட்டின் வெப்பநிலை ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பெரும் கருந்துளையின் வட்டு ஒப்பளவில் குளிர்ந்தது, புற ஊதா ஒளியை வீசுவது. எக்ஸ் கதிரைவிடப் புற ஊதா ஒளி வாயுவை நன்றாகப் பற்றித் தள்ளும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹெர்குலஸ் எக்ஸ்-1 என்ற நியூட்ரான் விண்மீன் அமைப்பில் வட்டு வளைந்திருக்கிறது; 35 நாளுக்கு ஒருமுறை தள்ளாடிச் சுற்றுகிறது. அதனால் நாம் இருந்த இடத்திலிருந்தே காற்றை வெவ்வேறு உயரங்களில் ஊடுருவிப் பார்க்க முடிகிறது. எக்ஸ்எம்எம்-நியூட்டன், சந்திரா தொலைநோக்கிகளின் உதவியோடு இப்படி அளந்து 2023-ல் வெளியிட்டார்கள். வட்டை ஒட்டி அடர்த்தியாக இருக்கும் காற்று, மேலே போகப்போக மெலிகிறது.

கட்டுரையாளரிடம் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள். அப்புறம் அந்தப் படத்தை மறுபடி அச்சிடுவதானால், வெளியே போகும் அம்புக்குறிகளையும் சேர்த்துவிடுங்கள். வட்டுக்குச் செங்குத்தாகப் பீறிடும் தாரைகளைப் போல நேர் மேலே வேண்டாம். வட்டை ஒட்டி, சாய்வாக.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்