பத்துச் சதப் போத்தலும் நமது வாவியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி ஓய்ந்த பின் மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக் போத்தல்களின் படம் ஒன்றைச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் பார்த்தேன். நான் நாள்தோறும் காலையில் நடக்கும் இடம் அது. 2023இல் அடிலெய்டு நகரில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அங்கே கண்ட ஒன்றை நம் ஊரவருக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். உங்கள் படம்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

அடிலெய்டு தென் அவுஸ்திரேலியாவின் தலைநகர். வடக்கே பரோசா, தெற்கே மக்லாரன் வேல் என இரு பக்கமும் முந்திரிகை, அதாவது திராட்சைத் தோட்டங்கள். அங்கிருந்து வைன் உலகெங்கும் போகிறது. நான் போய் இறங்கியது தை மாதம். நமக்கு மழைக்காலம், அங்கே கொடுங்கோடை. 2019 ஜனவரி 24 அன்று அந்த நகரில் வெப்பம் 46.6 பாகை செல்சியஸ் வரை ஏறியதாம். நம் கச்சான் காற்றில் வளர்ந்த எனக்கே, பாலைவனப் பக்கமிருந்து வந்த வடகாற்று முதல் நாள் மூச்சை அடைத்தது. வியர்வைதான் இல்லை. கொடியில் போட்ட சேலை அரை மணி நேரத்தில் காய்ந்து மொரமொரத்துவிடும்.

அத்தனை வெயிலிலும் அந்த ஊர் மனிதர்கள் வெளியே நடமாடுகிறார்கள். 1837இல் கேர்ணல் வில்லியம் லைட் நகருக்கு வரைபடம் போட்டபோதே அதைச் சுற்றி ஒரு பசுமை வளையத்தையும் ஒதுக்கினார். இன்றும் நகர் மையத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் மரநிழலும் புல்வெளியும் வந்துவிடும். ட்ராமில் நகர் மையத்துக்குள் டிக்கெட் வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்குபவர்கள் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அப்படியே. இரண்டாம் வாரத்தில் நானும் சொல்லப் பழகிவிட்டேன். 1869 முதல் நடக்கும் மத்திய சந்தையில் முருங்கைக்காய் தேடினேன், அன்று கிடைக்கவில்லை. ஒலிவ் காயில் மட்டும் எத்தனை வகை!

மாசியில் ஒருநாள் மருமகன் எங்களைப் பரோசாவுக்கு அழைத்துப் போனார். 1842இல் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். அது முந்திரிகை பறிக்கும் காலம். வெயிலில் பழம் சூடேறாதிருக்க இரவிலேயே பறிக்கிறார்களாம். அதே நாட்களில்தான் நம் படுவான்கரையில் வெள்ளாமை வெட்டு நடக்கும் என்று மருமகனிடம் சொன்னேன். ஒரு தோட்ட வாசலில், கொடிகளுக்கிடையே நடக்க வேண்டாம் என்று அறிவித்தல் போட்டிருந்தார்கள். முந்திரிகையின் வேரைத் தாக்கி ஐரோப்பாவின் தோட்டங்களையே அழித்த ஒரு பூச்சி தென் அவுஸ்திரேலியாவுக்குள் இன்னும் புகவில்லை. சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு அது வந்துவிடக்கூடாது என்ற கவனம். 2018இல் அம்பாறையில் சோளத்தைப் படைப்புழு தின்றதை அறிந்தவர்களுக்கு அந்தக் கவனத்தின் பெறுமதி விளங்கும்.

இவை எல்லாவற்றையும் விட என் மனதில் தங்கியது பேரனின் சாக்குப் பை. அவனுக்கு ஒன்பது வயது. குளிர்பானம், தண்ணீர் எதைக் குடித்தாலும் வெறும் போத்தலை அவன் எறிவதில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பையில் போட்டு வைப்பான். பை நிரம்பியதும் தகப்பனோடு சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போவான். ஒரு சனிக்கிழமை நானும் போனேன். தகரப் பேணி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம் என்று வேலையாட்கள் பிரித்து எண்ணி, ஒன்றுக்குப் பத்துச் சதம் வீதம் கையில் காசாகக் கொடுத்தார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ இருபது ரூபாய். பேரனுக்குப் பதினொரு டொலரும் சில்லறையும் கிடைத்தன. சாரணர் இயக்கமே இத்தகைய நிலையங்கள் சிலவற்றை நடத்துகிறது. ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு முதியவர் குப்பைத் தொட்டிகளில் பேணி பொறுக்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரை விரட்டவில்லை. ஒரு பெண் தன் கையிலிருந்த வெறும் பேணியை அவரிடமே நீட்டினாள்.

இதற்கான சட்டத்தை 1975இல் நிறைவேற்றி 1977இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் ஐந்து சதம், 2008இல் பத்தாக்கினார்கள். பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் இதே ஏற்பாட்டைத் தொடங்கியது 2017இல்தான். நாற்பது வருடம் மற்றவர்களுக்காகக் காத்திராமல் ஒரு மாநிலம் தானாகச் செய்திருக்கிறது. குறையும் இருந்தது. வைனுக்குப் பேர்போன அந்த ஊரில் வைன் போத்தலுக்கு மட்டும் அந்தக் காசு கிடையாது என்றாள் மகள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம்மவருக்கு இது புதிதா என்ன? நான் சிறுமியாக இருந்தபோது, வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இரண்டு வெறும் சோடாப் போத்தல்களைக் கொடுத்துத்தான் அம்மா என்னைக் கடைக்கு அனுப்புவார். போத்தல் இல்லாமல் போனால் போத்தலுக்கும் காசு கட்ட வேண்டும். பழைய இரும்பும் போத்தலும் வாங்குபவரின் சத்தம் ஒழுங்கைக்குள் கேட்டால் நாங்கள் ஓடுவோம். அந்தக் காலத்தில் வாவியில் ஒரு போத்தல் மிதந்து நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் வந்தது, போத்தலுக்குப் பெறுமதி இல்லாமல் போனது, கையை விட்டு எறிந்தோம். இன்று மாரியில் வெள்ளம் பெருகி முகத்துவாரம் வெட்டினால் அந்தப் போத்தல்கள் கடலுக்குப் போகின்றன. அலை அவற்றைத் திரும்பவும் கல்லடிக் கடற்கரையிலேயே கொண்டுவந்து போடுகிறது. வீச்சு வலையில் மீனுக்குப் பதில் போத்தல் ஏறுவதைப் பாலத்தில் நின்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாடு முழுவதற்கும் சட்டம் கொண்டுவருவது பாராளுமன்றத்தின் வேலை. நம் மக்கள் பிரதிநிதிகள் அதை அங்கே கேட்க வேண்டும். ஆனால் சிறிதாகத் தொடங்க யாருடைய சட்டமும் தேவையில்லை. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு எவ்வளவு சனம் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் திருவிழா நாட்களில் கோயிலைச் சூழ உள்ள கடைகள் போத்தல் ஒன்றுக்கு இருபது ரூபாய் கூடுதலாக வாங்கட்டும். வெறும் போத்தலைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு மேசை இருக்கட்டும். வியாபாரிகளுக்கு இது தொல்லை என்பார்கள். எண்ணுகிற வேலையை அவர்கள் தலையில் கட்ட வேண்டியதில்லை. மாநகர சபையும் ஆலய நிர்வாகமும் இடமும் நிழலும் தந்தால் போதும். என்னோடு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் மூவர் அந்த மேசையில் இருந்து எண்ண ஆயத்தமாக இருக்கிறோம். மாணவர் சிலரையும் அழைத்து வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.